வியர்க்கும் ராட்சதர்கள்

"பிளாஸ்டிக்குக்கு அழிவே கிடையாது" என்னும் வாசகத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். மண்ணில் மக்காது, கடலில் கரையாது, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்படியே கிடக்கும் என்று சொல்வார்கள். ஆனால் பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சேகரிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு கதை சொல்வார்கள். கண்ணாடி அலமாரியில் பத்திரமாக நிற்கும் ராட்சத பொம்மை ஒரு நாள் தொட்டால் பிசுபிசுக்கிறது. அதன் மேனியில் வியர்வைபோல் எண்ணெய் அரும்புகிறது. வெள்ளைப் பற்கள் மஞ்சளாகின்றன. இன்னும் சில ஆண்டுகளில் வால் சுருங்கி, விரல் வெடித்து, தொட்ட இடம் ஒடிகிறது.

குப்பைமேட்டில் அழிய மறுக்கும் பொருள் அலமாரியில் ஏன் அழிகிறது? இதில் முரண்பாடு ஏதேனும் உண்டா? இதற்கு விடை காண்பதற்கு முன், இந்த ராட்சதர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்வோம்.

ராட்சதர்கள் பிறந்த கதை

1954-ஆம் ஆண்டு ஜப்பானில் "கோட்ஸில்லா" என்னும் திரைப்படம் வெளிவந்தது. இஷிரோ ஹோண்டா இயக்கிய அந்தப் படத்துக்கு எய்ஜி சுபுராயா தந்திரக் காட்சிகளை அமைத்தார். அணுகுண்டு சோதனையால் கிளர்ந்தெழுந்து, கடலிலிருந்து வந்து டோக்கியோ நகரை மிதித்து நாசம் செய்யும் பூதாகாரமான விலங்கே கதையின் நாயகன். இத்தகைய விலங்குகளை ஜப்பானியர் "கைஜூ" என்பார்கள். 1966-ஆம் ஆண்டு சுபுராயாவின் நிறுவனம் தயாரித்த "அல்ட்ரா க்யூ", "அல்ட்ராமேன்" என்னும் தொடர்கள் தொலைக்காட்சியில் வந்தபோது, வாரந்தோறும் ஒரு புது கைஜூ வீட்டுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு மாருசான் என்னும் பொம்மை நிறுவனம் இந்த ராட்சதர்களை மிருதுவான பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கியது. இத்தகைய பொம்மைகளுக்கு "சோஃபுபி" என்று பெயர். "சாஃப்ட் வினைல்" என்னும் ஆங்கிலச் சொற்களை ஜப்பானிய நாக்கு சுருக்கியதால் வந்த பெயர் இது.

அமெரிக்காவில் 1960-களில் மார்க்ஸ் என்னும் நிறுவனம் பிராங்கென்ஸ்டைன், ஓநாய் மனிதன் முதலிய திரைப்படப் பூதங்களை ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் உருவங்களாக வெளியிட்டது. ஆரோரா என்னும் நிறுவனம் அதே பூதங்களைத் தனித்தனித் துண்டுகளாக விற்றது. சிறுவர்கள் அவற்றைப் பசை வைத்து ஒட்டி வண்ணம் தீட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அது ஏழை இனம். ஹாங்காங்கில் வார்க்கப்பட்டு, பிளாஸ்டிக் பையில் அடைத்து, "வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்" என்ற பெயரில் மலிவு விலைக் கடைகளில் தொங்கிய பொம்மைகள் அவை. அவற்றில் சில எந்த யுகத்திலும் வாழாத விலங்குகள்! ஜப்பானியத் தொலைக்காட்சி ராட்சதர்களின் சாயல் அவற்றில் இருப்பதாகச் சேகரிப்போர் கருதுகிறார்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ் என்பவர் இவற்றுள் சிலவற்றை வாங்கித் தம் விளையாட்டுப் பலகையில் பூதங்களாக நிறுத்தினார். 1974-ஆம் ஆண்டு அவரும் டேவ் ஆர்னெசனும் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்னும் விளையாட்டை வெளியிட்டார்கள். இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதம், ஆந்தை முகக் கரடி, மண்ணுக்குள் நீந்தும் "புலெட்" ஆகிய மூன்றும் அந்தப் பை பொம்மைகளிலிருந்தே அவ்விளையாட்டுக்கு வந்தன. இன்று உலகெங்கும் உள்ள விளையாட்டுகளிலும் கதைகளிலும் உலவும் பூதங்களுக்கு மூதாதை, பெயர் தெரியாத ஒரு தொழிலாளி செதுக்கிய மலிவுப் பொம்மை!

மூன்று பிளாஸ்டிக்குகள்

"பிளாஸ்டிக்" என்பது ஒரே பொருளின் பெயர் அன்று. "உலோகம்" என்று சொன்னால் இரும்பா, செம்பா, தங்கமா என்று கேட்போம் அல்லவா? பிளாஸ்டிக்கிலும் அப்படிக் கேட்கவேண்டும்.

மார்க்ஸ் நிறுவனத்தின் பூதங்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பாசெட், கிப்சன் என்னும் இரு விஞ்ஞானிகள் உயர் அழுத்தத்தில் எத்திலீன் வாயுவைக் கொண்டு சோதனை செய்தபோது எதிர்பாராமல் கிடைத்த மெழுகு போன்ற பொருள் இது. ஆரோராவின் ஒட்டுப் பொம்மைகள் பாலிஸ்டைரீன். விறைப்பானது, பளபளப்பானது, கீழே விழுந்தால் உடையக்கூடியது. ஜப்பானிய ராட்சதர்கள் பாலிவினைல் குளோரைடு, அதாவது பி.வி.சி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பி.வி.சி.தான்.

இவற்றை எப்படி இனம் காண்பது? ஆர்க்கிமிடீஸ் உதவுவார். பாலிஎத்திலீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.91 முதல் 0.97 கிராம் வரை. பாலிஸ்டைரீனின் அடர்த்தி சுமார் 1.05 கிராம். பி.வி.சி.யின் அடர்த்தி, அதில் கலந்த பொருள்களைப் பொறுத்து, பெரும்பாலும் 1.2 முதல் 1.4 கிராம் வரை. தண்ணீரின் அடர்த்தி 1. இனி ஒரு சோதனை செய்யுங்கள்.

ஒரு டம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டம்ளரில் 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 36 கிராம் வீதம் உப்பைக் கரையுங்கள். அதற்குமேல் உப்பு கரையாது. அந்தத் தெவிட்டிய கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. தண்ணீர் பாட்டில் மூடியில் வெட்டிய துண்டு, உடைந்த கண்ணாடி நிற ஸ்கேலின் துண்டு, பி.வி.சி. குழாய்த் துண்டு ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக இரண்டு டம்ளர்களிலும் போட்டுப் பாருங்கள். மூடித்துண்டு இரண்டிலும் மிதக்கும். ஸ்கேல் பாலிஸ்டைரீனாக இருந்தால் நல்ல தண்ணீரில் மூழ்கி, உப்பு நீரில் மிதக்கும். குழாய்த்துண்டு இரண்டிலும் மூழ்கும். இரண்டு எச்சரிக்கைகள்: முதலில் துண்டை நன்றாக நனைத்து, ஒரு துளி சோப்பு நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் பரப்பு இழுவிசையும் ஒட்டிய காற்றுக் குமிழிகளும் மூழ்கவேண்டியதையும் மிதக்க வைத்து உங்களை ஏமாற்றும். அடுத்து, உள்ளே பொள்ளலான பொம்மையை இப்படிச் சோதிக்க முடியாது. இரும்புக் கப்பல் மிதப்பதால் இரும்பு இலேசானது என்று ஆகிவிடுமா?

சிலர் பழுக்கக் காய்ச்சிய ஊசியைப் பொம்மையில் குத்தி, எழும் நெடியைக் கொண்டு பிளாஸ்டிக்கை அறிய முயல்வார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பி.வி.சி. சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயுவை விடும். பொம்மை செல்லுலாய்டாக இருந்துவிட்டால் குப்பென்று தீப்பற்றிவிடும்.

இடியாப்பமும் எண்ணெயும்

தண்ணீர்க் குழாய் விறைப்பாக இருக்கிறது. அதே பி.வி.சி.யில் செய்த ராட்சதன் மட்டும் எப்படி மிருதுவாக இருக்கிறான்?

பி.வி.சி. என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். ஆறிப்போன இடியாப்பத்தை எண்ணிப் பாருங்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சிறிது எண்ணெய் விட்டுப் பிசறினால் இழைகள் வழுக்கிப் பிரியும். பி.வி.சி.யிலும் இதையே செய்கிறார்கள். ஆவியாவதற்கு அரிதான எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை அதில் கலக்கிறார்கள். சிறிய மூலக்கூறுகளாகிய அது, சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கி வைக்கிறது. சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முடிகிறது. இந்தத் திரவத்தைப் பிளாஸ்டிசைசர் என்பார்கள். நாம் அதை இளக்கி என்று அழைப்போம். கலப்பற்ற பி.வி.சி. சுமார் 80° செல்சியசுக்குக் கீழ் கண்ணாடி போல் விறைத்துவிடும். இளக்கி சேர்ந்தால் இந்த விறைப்பு வெப்பநிலை அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் கண்ட வழி இது. மிருதுவான பொம்மையின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இளக்கியாக இருக்கக்கூடும்!

சோஃபுபி பொம்மை வார்க்கும் முறையும் சுவையானது. முதலில் மெழுகில் ராட்சதனைச் செதுக்குவார்கள். அதன்மேல் மின்முலாம் பூசும் முறையில் செம்பைத் தடிமனாகப் படியவைப்பார்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் செம்புச் சல்பேட்டுக் கரைசலில் செய்யும் மின்னாற்பகுப்பின் தத்துவமே இது. மெழுகை உருக்கி எடுத்தால் செம்பு அச்சு கிடைக்கும். பி.வி.சி. தூளை இளக்கியில் கலந்து கஞ்சிபோல் ஆக்கி அச்சில் ஊற்றிச் சூடுபடுத்துவார்கள். அச்சின் சுவரை ஒட்டிய பகுதி முதலில் இறுகும். உடனே நடுவில் உள்ள கஞ்சியைக் கொட்டிவிட்டு, மறுபடியும் சூடாக்கி முழுதும் இறுகச் செய்வார்கள். பொள்ளலான பொம்மை உருவாகிவிடும். ஒரே துண்டான அச்சு திறக்காதே, பொம்மையை எப்படி எடுப்பது? இளஞ்சூட்டில் அது ரப்பர்போல் வளைந்துகொடுக்கும். அச்சின் குறுகிய வாய் வழியாகக் குறடால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார்கள். இளக்கி இல்லாவிட்டால் இந்த வித்தை நடக்காது.

வியர்வை எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. இளக்கி, சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டதன்று. இடையில் தங்கியிருக்கும் விருந்தாளிதான். மூலக்கூறுகள் எப்போதும் அசைந்துகொண்டே இருப்பவை. ஆகவே இளக்கி மெல்ல மெல்லப் பரவி மேற்பரப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஆவியாகிறது.

உள்ளிருந்து வெளியே பரவுவது ஒரு படி. மேற்பரப்பிலிருந்து ஆவியாவது மற்றொரு படி. சாதாரண வெப்பநிலையில் இரண்டாவது படியே பெரும்பாலும் மெதுவானது. வயதாக ஆக பி.வி.சி. சிதையும்போது, முன்பு தாங்கிய அளவு இளக்கியை அதனால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. வெளியேறும் எண்ணெய் ஆவியாகும் வேகத்தை மிஞ்சினால், மேனியில் தங்கிப் பிசுபிசுக்கிறது. ராட்சதன் வியர்ப்பது இதனால்தான். அந்தப் பிசுபிசுப்பில் தூசு படிந்தால் மீண்டும் எடுப்பது அரிது. நாளடைவில் இளக்கி போய்விட்டால் சங்கிலிகள் நெருங்கி வருகின்றன. பொம்மை சுருங்குகிறது, விறைக்கிறது, வெடிக்கிறது.

வெளியேறிய இளக்கி சும்மா இருப்பதும் இல்லை. ஜியாமெட்ரி பாக்சில் வெள்ளை அழிப்பான், பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஸ்கேலில் குழி விழுந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பி.வி.சி. அழிப்பானின் இளக்கி, பாலிஸ்டைரீன் ஸ்கேலுக்குள் நுழைந்து அதை இளகச் செய்துவிட்டது! ஜப்பானிய ராட்சதனையும் ஆரோராவின் பிராங்கென்ஸ்டைனையும் தோளோடு தோள் ஒட்டி நிறுத்தினால் இதே கதிதான். பாலிஎத்திலீன் பையும் இளக்கியை உறிஞ்சக்கூடியது. பஜ்ஜியின் எண்ணெயைச் செய்தித்தாள் உறிஞ்சுவதில்லையா, அதுபோல.

ஒளி என்னும் கத்தரிக்கோல்

இன்னொரு பகைவன் ஒளி. ஒளி, ஃபோட்டான் என்னும் சக்திப் பொட்டலங்களாக வருகிறது. அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்துக்கொண்டு 1240-ஐ அதனால் வகுத்தால், ஒரு ஃபோட்டானின் சக்தி எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் 550 என்று கொண்டால் சக்தி 2.25. புற ஊதாக் கதிரின் அலைநீளம் 320 என்று கொண்டால் சக்தி 3.9. இரு கார்பன் அணுக்களிடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்கச் சுமார் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். கார்பனுக்கும் குளோரினுக்கும் இடையே உள்ளதை அறுக்கச் சுமார் 3.4 போதும். பச்சை ஒளி எவ்வளவு கொட்டினாலும் அதன் ஒரு ஃபோட்டானுக்கு இப்பிணைப்பை அறுக்கும் வலு இல்லை. புற ஊதா ஃபோட்டானுக்கு உண்டு.

ஆனால் ஃபோட்டான் வேலை செய்யவேண்டுமானால், பொருள் முதலில் அதை உட்கவர வேண்டும். தூய பி.வி.சி. இந்த அலைநீளங்களை அவ்வளவாக உட்கவர்வதில்லை. ஆனால் வார்க்கும்போது சூட்டினால் ஏற்பட்ட குறைகளும் கலப்புகளும் உட்கவர்கின்றன. அங்கே சிதைவு தொடங்குகிறது. ஹைட்ரஜன் குளோரைடு கழன்றுபோக, சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு தோன்றுகிறது. கழன்ற வாயு மேலும் சிதைவைத் தூண்டுகிறது. ஒற்றை, இரட்டை என்று மாறிமாறிப் பிணைப்புகள் வரிசையாக நீண்டால், அவ்வரிசை கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையே உட்கவரத் தொடங்கும். நீலம் போனால் மிஞ்சுவது மஞ்சள். பற்கள் மஞ்சளாகும் ரகசியம் இதுதான். வரிசை மேலும் நீண்டால் பழுப்பு நிறம் வரும்.

"ஜன்னல் கண்ணாடி புற ஊதாவைத் தடுக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழ் உள்ளதைத் தடுக்கும். 320 முதல் 400 வரை உள்ளதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். மஞ்சளான பொம்மையை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்து வெளுக்கச் செய்வோரும் உண்டு. நிறம் வெளுக்கலாம். அறுந்த சங்கிலி ஒட்டாது.

கற்பூரப் பொம்மைகள்

பி.வி.சி.க்கு முந்தைய பொம்மைகள் பல செல்லுலாய்டால் ஆனவை. அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹையட் 1869-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய பொருள் இது. நைட்ரோ செல்லுலோசுக்கு அவர் தேர்ந்தெடுத்த இளக்கி எது தெரியுமா? கற்பூரம்! திறந்து வைத்த கற்பூரம் சில நாட்களில் காணாமல் போவதை நீங்கள் அறிவீர்கள். திட நிலையிலிருந்து நேரே ஆவியாகிவிடுகிறது. செல்லுலாய்டுப் பொம்மையிலிருந்தும் கற்பூரம் அப்படியே போய்விடுகிறது. பொம்மை சுருங்கி வெடிக்கிறது. கூடவே அமில வாயுவையும் விட்டு, பக்கத்தில் உள்ள பொருள்களையும் அரிக்கிறது.

காப்பாற்றுவது எப்படி?

டென்மார்க் நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இவோன் ஷஷூவா என்னும் பெண் விஞ்ஞானி, 2001-ஆம் ஆண்டில் முடித்த தம் ஆய்வில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். இளக்கி வெளியேறாமல் இருந்தால் பி.வி.சி.யின் சிதைவும் தாமதமாகிறது என்று கண்டார். ஆகவே காற்றோட்டமாக வைப்பதைவிட, மூடிய கண்ணாடிக் கலத்தில் வைப்பதே நல்லது. காரணம் எளிது. ஈரத்துணி கொடியில் காயும், மூடிய டப்பாவில் காயாது. டப்பாவுக்குள் ஆவி தெவிட்டியதும், வெளியேறும் மூலக்கூறுகளும் திரும்பி வரும் மூலக்கூறுகளும் சமமாகிவிடுகின்றன.

செல்லுலாய்டுக்கு இதற்கு நேர்மாறான சிகிச்சை தேவை. அதை மூடி வைத்தால் அது விடும் அமில வாயு அதையே தின்றுவிடும். காற்றோட்டமும் தனியிடமும் வேண்டும். ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு! பொருளின் இனம் அறியாமல் காப்பாற்ற முடியாது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மற்றவை பொது விதிகள். வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெப்பநிலை 10° கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஒரு தோராய விதி. 20° அறையில் இருப்பதைவிட 40° கொதிக்கும் பரணில் பொம்மை நான்கு மடங்கு விரைவில் மூப்படையலாம். இரு பொம்மைகளை ஒட்டி நிறுத்தாதீர்கள். அழுக்கை இலேசான சோப்பு நீரில் நனைத்த மென்துணியால் துடையுங்கள். ஸ்பிரிட்டும் நகப்பூச்சு அகற்றும் திரவமும் வேண்டாம். அவை அழுக்கோடு இளக்கியையும் பெயிண்டையும் இழுத்துவிடும்.

பழைய பொம்மையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். அக்காலத்துச் சாயங்களிலும் பி.வி.சி. நிலைப்படுத்திகளிலும் ஈயம், காட்மியம் இருந்திருக்கலாம். தாலேட்டுகள் என்னும் இளக்கிகள் சிலவற்றைக் குழந்தைப் பொம்மைகளில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் தற்காலிகமாகவும், 2005-இல் நிரந்தரமாகவும் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவும் 2008-இல் சட்டம் இயற்றியது.

அழிவதும் அழியாததும்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பிளாஸ்டிக் அழிவதில்லை என்னும்போது, அது மக்கி மண்ணோடு மண்ணாகக் கலப்பதில்லை என்றே பொருள். வடிவமும் நிறமும் மிருதுத்தன்மையும் அப்படியே நிலைக்கும் என்று பொருள் இல்லை. ராட்சதன் உருக்குலைந்து போகலாம். அவனுடைய துணுக்குகளும் சங்கிலி மூலக்கூறுகளும் நெடுங்காலம் கிடக்கும். நாம் வேண்டாம் என்பது தங்குகிறது, வேண்டும் என்பது போகிறது. இதில் முரண்பாடு இல்லை.

பொம்மைதானே, போனால் என்ன என்று தோன்றலாம். ஹாங்காங் பை பொம்மைகளைச் செதுக்கியவர் யார் என்று எந்த ஏட்டிலும் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. அச்சு சேர்ந்த கோடு, பிளாஸ்டிக் புகுந்த இடத்தின் வடு, வயிற்றில் பதித்த "ஹாங்காங்" என்னும் எழுத்து ஆகியவையே மிஞ்சிய சான்றுகள். எந்தப் பொம்மை எந்த அச்சில் பிறந்தது, எதைப் பார்த்து எது வார்க்கப்பட்டது என்பதைச் சேகரிப்போர் இவற்றை ஒப்பிட்டே அறிகிறார்கள். கல்வெட்டு ஆயிரம் ஆண்டு காத்திருக்கும். இந்தச் சான்று நூறாண்டு காத்திருக்குமா என்பதே ஐயம். ஒரு தலைமுறைக் குழந்தைகள் எதைக் கண்டு பயந்தார்கள், எதைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கினார்கள் என்பதும் வரலாறுதான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அதை எடுத்துப் பாருங்கள். பிசுபிசுக்கிறதா? மஞ்சளாகியிருக்கிறதா? வெயில் பட்ட பக்கமும் படாத பக்கமும் ஒரே நிறமா? எங்கே வாங்கியது, எந்த ஆண்டு, யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பொம்மை எத்தனை காலம் இருக்குமோ தெரியாது. அந்தச் சீட்டை எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது.